விவேகம் என்ற பெயரில்

ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஒரு பெண்ணுக்கு அறிவுரை வழங்கினேன். அவர் என் பங்கைச் சேர்ந்தவர். தம் வீட்டின் முன்னறையிலும் தாழ்வாரத்திலுமாகக் குழந்தைகள் காப்பகம் ஒன்றை நடத்தி வருபவர். வேலைக்குச் செல்லும் தாய்மார் காலை எட்டரை மணிக்குக் குழந்தையை அங்கே விட்டுச் செல்வார்கள். மாலை ஆறு மணிக்கு வந்து தூக்கிச் செல்வார்கள். எட்டுக் குழந்தைகள், அவர், உதவிக்கு ஓர் ஆயா. ஒரு சனிக்கிழமை மாலை, ஒப்புரவு அருளடையாளம் வழங்கி முடித்து ஆலயத்தைவிட்டு வெளியே வந்த என்னை அவர் நிறுத்திக் கேட்டார்: "சாமி, ஒரு பையனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வந்து நிற்கிறார்கள். மூணு வயசு. உட்கார வராது. பேச்சும் வரலை. மூளை முடக்குவாதமாம். சேர்த்துக்கவா, வேண்டாமா?"

நான் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. "உங்களுக்கு நல்ல மனசு, அம்மா. ஆனால் நமக்குப் பயிற்சி இல்லையே. ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? மற்றப் பிள்ளைகளின் பெற்றோரையும் நினைக்க வேண்டும் அல்லவா? விவேகமாக நடந்துகொள்ளுங்கள்" என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. அந்த நிம்மதியைக் கண்டு, நல்ல ஆலோசனை கூறிவிட்டதாக நானும் மகிழ்ந்தேன்.

அந்தச் சிறுவனை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. பின்னர் ஒரு நாள் வேறொரு தேவைக்காகத் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான், அவனுக்குத் திருமுழுக்கு அளித்தவன் நானே என்பதைக் கண்டேன். பெயர், பெற்றோர், ஞானப் பெற்றோர், அடியில் என் கையொப்பம். அவனைத் திருச்சபையில் சேர்த்த கைதான் மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு வீட்டின் முன்னறையில் சேர்க்க வேண்டாம் என்று சைகை காட்டியது.

அந்தக் கதவு மூடப்பட்டபின் நடந்ததையும் பல மாதங்கள் கழித்தே அறிந்தேன். அதற்கு முன்பே வேறு இரண்டு காப்பகங்கள் கைவிரித்திருந்தன. மூன்றாவது நம் பங்கு மக்களுடையது என்பதால் அந்தத் தாய் பெரிதும் நம்பியிருந்தாராம். அவருக்கு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. பண்டிகைக் காலத்தில் விடுப்பு எடுக்க இயலாது. கணவர் கடனில் வாங்கிய லோடு ஆட்டோவுக்கு மாதந்தோறும் தவணை கட்ட வேண்டும். என்ன செய்வார்கள்? நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மூத்த மகளை வாரத்தில் இரண்டு நாள், சில வாரங்களில் மூன்று நாள், பள்ளிக்கு அனுப்பாமல் தம்பியோடு வீட்டில் இருத்தினார்கள். அந்தச் சிறுமி அவனைப் படுக்கவைத்தபடியே கஞ்சி ஊட்டியிருக்கிறாள். அப்படி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? பயிற்சி இல்லை என்று நாற்பது வயதுப் பெண்ணை நான் விலக்கி நிறுத்தினேன். அந்தப் பொறுப்பு ஒன்பது வயதுச் சிறுமியின் மடியில் போய் விழுந்தது. அவள் மறைக்கல்வி வகுப்புக்கும் அவ்வப்போது வராமற்போனாள். வராதோர் பட்டியலில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டவனும் நானே.

செய்தி தெரிந்த அன்றே அந்த வீட்டுக்குச் சென்றேன். தாயிடம் என் தவற்றைச் சொல்லி வருந்தினேன். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பரவாயில்லை சாமி, எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க" என்றார்.

வாசக அன்பர்களே, என் குற்றத்தை அச்சிலேற்றி மன்னிப்புத் தேடுவது என் நோக்கமன்று. அச்சில் அறிக்கையிடுவது எளிது. எதிரே அமர்ந்திருக்கும் ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நான் எழுதுவது, இதே கேள்வி இன்று நம் நகரங்களில் தெருத்தோறும் கேட்கப்படுகிறது என்பதாலும், இதே விடை இதே சொல்லைப் போர்த்திக்கொண்டு கொடுக்கப்படுகிறது என்பதாலுமே. கூட்டுக் குடும்பம் கலைந்துவிட்டது. பாட்டியும் வேலைக்குப் போகிறார். டே கேர் என்று பெயர்ப்பலகை மாட்டிய வீடுகளும், பலகையே மாட்டாத வீடுகளும் பெருகிவிட்டன. அவற்றுள் பலவற்றை நடத்துவோர் நம் பங்குகளின் பெண்கள். அவர்களுள் பலர் ஒரு குழந்தையைச் சேர்க்க மறுக்கும்போது, அதை விவேகம் என்கிறார்கள். அந்தச் சொல்லை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள், குருக்கள்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் தலையாய நற்பண்புகள் நான்கையும் ஒப்பித்தோம்: விவேகம், நீதி, திடம், மட்டசனம். விவேகம் முதலில் வரும். அதனாலோ என்னவோ, மற்ற மூன்றையும் அடக்கிவைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டுவிட்டோம். ஆனால் புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதியிருப்பது வேறு. பொதுக் கொள்கையை மட்டும் அறிந்தவன் விவேகியாகான். மனிதச் செயல்கள் எல்லாம் தனித்தனியான சூழல்களில் நிகழ்வதால், அந்தத் தனிநிலையையும் அறிந்தவனே விவேகி என்பது அவருடைய வாதம். பிறரிடம் கற்றுக்கொள்ளும் பணிவையும், சூழலைச் சுற்றி நோக்குவதையும் அவர் விவேகத்தின் உறுப்புகளாக எண்ணுகிறார். அது மட்டுமன்று, விவேகத்தைப்போல் தோற்றமளிக்கும் குற்றங்களுக்கென்றே தனியாக ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். நான் அன்று செய்தது அந்தப் பகுதியைச் சேர்ந்தது. குழந்தையைப் பார்க்காமல், தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நோயின் பெயரை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தேன்.

பெயரைக் கேட்டு என்ன தெரியும்? மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தை சற்றே காலை இழுத்து நடந்து பள்ளிக்குப் போகும். அதே பெயருடைய இன்னொரு குழந்தைக்குத் தலை நிற்காது. ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை வாய் திறந்து ஒரு சொல்லும் பேசாது. மற்றொன்று தூத்துக்குடியிலிருந்து சென்னை வரையிலான இரயில் நிலையங்களைத் தவறாமல் ஒப்பிக்கும், ஆனால் மிக்சியின் இரைச்சல் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறும். டௌன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும், மறுபாதிக்கு இராது. ஆகவே, "ஆட்டிசம் பிள்ளையைச் சேர்க்கலாமா?" என்ற கேள்விக்கு விடையே கிடையாது. விடை உள்ள கேள்விகள் வேறு. இவன் எப்படிச் சாப்பிடுகிறான்? புரையேறுமா? ஒரு வேளைச் சோற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வலிப்பு வருமா, கடைசியாக எப்போது வந்தது, என்ன மருந்து, எத்தனை மணிக்கு? சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் எப்படித் தெரிவிப்பான்? எதைக் கண்டு பயப்படுவான்? கதவு திறந்திருந்தால் தெருவுக்கு ஓடிவிடுவானா? தொலைபேசியில் அழைத்தால் பத்து நிமிடத்தில் வந்து சேரக்கூடியவர் யார்? இவற்றையெல்லாம் கேட்க ஒரு மருத்துவர் தேவையில்லை. விடை சொல்லவும் மருத்துவர் தேவையில்லை. தாய்க்கு எல்லாம் தெரியும். மூன்று ஆண்டுகள் இரவும் பகலும் அந்தக் குழந்தையைப் படித்தவர் அவர். அவரை ஒரு வாரம் காப்பகத்திலேயே உடன் உட்காரவைத்தால் பாதிப் பயிற்சி முடிந்துவிடும்.

பயிற்சி இல்லை என்பதுதான் முதல் சாக்கு. நானே சொன்ன சாக்கு ஆதலால் இதைச் சற்று விரித்துரைக்கிறேன். வலிப்பு வந்தால் நம் ஊரில் இன்றும் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். பல்லிடுக்கில் கரண்டியைச் செருகுகிறோம். இரண்டும் தவறு, இரண்டாவது ஆபத்தானதும்கூட. குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கழுத்துத் துணியைத் தளர்த்த வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கையையும் காலையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழைக்க வேண்டும். இதைக் கற்க ஒரு காலைப்பொழுது போதும். ஊட்டும் முறையும் அப்படித்தான்: நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னே சாயாமல் தாங்கி, எதிரே இருந்து சிறு சிறு கவளமாக. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளின் குறைகளைக் கண்டறிய 2013இல் நாடு தழுவிய அளவில் தொடங்கப்பட்ட சிறார் நலத் திட்டத்தின்கீழ், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் அமைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே உடலியக்கச் சிகிச்சையாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் இருப்பார்கள். ஒரு நாள் நேரில் போய்க் கேட்டால் சொல்லித்தர மாட்டார்களா? நாம் போய்க் கேட்டோமா?

ஆயினும் எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. குழாய் வழியே உணவு செலுத்தப்படும் குழந்தை, சளியைக் கருவி கொண்டு உறிஞ்சி எடுக்க வேண்டிய குழந்தை, அடிக்கடி நீண்ட வலிப்பு வரும் குழந்தை ஆகியோருக்கு செவிலியர் வேண்டும். எட்டுக் குழந்தைகளுக்கு நடுவே நிற்கும் ஒரு பெண் அங்கே "இயலாது" என்று சொல்வது பாவமன்று. அது அவருடைய கடமை. சேர்த்துக்கொள்வதே புண்ணியம், மறுப்பதே பாவம் என்று மறையுரை மேடையிலிருந்து முழங்கிவிட்டுப் போவதைவிட மோசமான ஆலோசனை வேறில்லை. இரக்கப்பட்டுச் சொன்ன "சரி" ஒன்றின் விளைவை நான் வேறோர் ஊரில் கண்டிருக்கிறேன். சன்னல் கம்பியில் பழைய சேலை ஒன்று கட்டியிருந்தது. அதன் மறுமுனையில் ஒரு குழந்தையின் இடுப்பு. வீட்டுக்காரரும் கெட்டவர் அல்லர். ஓடிவிடுகிறான், என்ன செய்வது என்றார். பெற்றோருக்கு அது தெரியும். இந்த இடமும் போய்விடுமோ என்ற அச்சத்தில் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. இடம் கொடுத்தவருக்கு நன்றி சொல்லியே வாயடைத்துப்போன பெற்றோர் அவர்கள்.

இரண்டாவது சாக்கு, மற்றப் பெற்றோர். இதைப் பற்றிப் பேசும்போது என் சினத்தை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. "அந்தப் பிள்ளையைச் சேர்த்தால் எங்கள் பிள்ளையை எடுத்துக்கொள்வோம்" என்று ஒரு காப்பகத்தில் எச்சரித்த தந்தை, ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசிப்பவர். அவருடைய உச்சரிப்பு மிகத் திருத்தமானது. "என் மகன் அதைப் பார்த்து அப்படியே செய்யப் பழகிவிடுவான்" என்பது அவர் அச்சம். மூளை முடக்குவாதம் தொற்றிக்கொள்ளுமா? ஆட்டிசம் பார்த்துப் பழகி வருவதா? நான்கு நாள் கையை உதறிக் காட்டிவிட்டு ஐந்தாம் நாள் மறந்துவிடும் குழந்தையிடமா இந்தப் பயம்? அவர் பழகிவிடுவானோ என்று அஞ்சியது வேறொன்றை என்று நினைக்கிறேன். தம் மகன் அந்தக் குழந்தையோடு பழகிவிட்டால், பிறகு தாமும் அதன் பெற்றோரைத் தெருவில் கண்டால் நின்று பேச வேண்டியிருக்கும்.

இவரைப் போன்றவர்கள் அதே குழந்தையைக் கோவில் வாசலில் காணும்போது என்ன சொல்கிறார்கள்? "தெய்வக் குழந்தை" என்கிறார்கள். "கடவுள் உங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்" என்கிறார்கள். இந்தப் பேச்சு எனக்கு அலுத்துவிட்டது. தெய்வக் குழந்தைக்கு இடுப்புத்துணி மாற்றுவது யார்? கடவுள் தேர்ந்தெடுத்த தாய் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவது? யோவான் நற்செய்தியில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டவுடன், இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் விளக்கம் கேட்டார்கள். அந்த விளக்கத்தை நாம் இப்போது கேட்பதில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் வந்துவிட்டது. அதற்குப் பதிலாக இனிப்பான வேறொரு விளக்கத்தைக் கையில் வைத்திருக்கிறோம். ஆண்டவரோ இரண்டு விளக்கத்திலும் நேரத்தைச் செலவிடவில்லை. குனிந்து சேறு குழைத்தார்.

பெயர்களை மாற்றுவதில் நாம் வல்லவர்கள். 1995இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைத் தமிழில் ஊனமுற்றோர் சட்டம் என்றோம். 2016இல் வந்த புதிய சட்டத்தை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்கிறோம். நல்ல மாற்றம். பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன, புதியதில் இருபத்தொன்று. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. ஆனால் கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமை அதிலும் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. பதினெட்டு வரை செல்கிறது. அனைவருக்குமான 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் ஆறு வயதில் தொடங்கிப் பதினான்கில் முடிகிறது. அதற்கு முந்திய ஆறு ஆண்டுகள்? அங்கன்வாடிகளில் இத்தகைய குழந்தைகளைச் சேர்த்துப் பேணுவதற்கென ஒரு நெறிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பரில்தான் வெளியிட்டது. அங்கன்வாடித் திட்டம் தொடங்கியதோ 1975இல். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழக அரசு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023இல் மாதம் 2000 ரூபாயாக உயர்ந்தது. அதை வாங்கிக்கொண்டு அந்தத் தாய் பில் போடும் வேலையை விட்டுவிட முடியுமா? மூளை வேகமாக வளர்வதும், பயிற்சி நன்றாகப் பலிப்பதும், குடும்பம் கடனில் மூழ்குவதும் இந்த ஆறு ஆண்டுகளில்தான்.

இந்த இடத்தில் அயல்நாட்டுச் சட்டம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். என் பங்கில் பிறந்து வளர்ந்து, இப்போது அமெரிக்காவில் தம் வீட்டிலேயே காப்பகம் நடத்தும் ஒரு பெண் விடுமுறைக்கு வந்திருந்தார். நான் மேற்படி வருத்தத்தைச் சொன்னபோது, "அங்கே அப்படிச் சட்டென்று மறுக்க முடியாது, ஃபாதர்" என்றார். பிறகு தேடிப் படித்தேன். 1990இல் அங்கு நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் சட்டம் தனியார் காப்பகங்களுக்கும், வீட்டில் நடக்கும் சிறு காப்பகங்களுக்கும்கூடப் பொருந்தும். குறைபாட்டின் பெயரைக் கேட்டவுடன் கதவைச் சாத்தக் கூடாது. குறிப்பிட்ட அந்தக் குழந்தைக்கு என்ன தேவை, நியாயமான மாற்றங்களால் அதை நிறைவேற்ற இயலுமா என்று ஆராய வேண்டும். பிறருக்கு உண்மையான ஆபத்து நேரும் என்றாலோ, காப்பகத்தின் அடிப்படையே மாறிவிடும் என்றாலோ மறுக்கலாம். காப்பீட்டுக் கட்டணம் ஏறும் என்பது காரணமாகாது. மாற்றங்களுக்கு ஆகும் செலவை அந்தப் பெற்றோர்மேல் மட்டும் சுமத்தக் கூடாது. அனைவருடைய கட்டணத்திலும் பரப்பிக்கொள்ளலாம். புனித தாமஸ் சொன்ன விவேகத்தை ஒரு மதச்சார்பற்ற அரசு சட்டமாக எழுதியிருப்பதைக் கண்டு வியந்தேன். இன்னும் சில வரிகள் படித்தேன். மத நிறுவனங்கள் நடத்தும் காப்பகங்களுக்கு இந்தப் பகுதியிலிருந்து விலக்கு உண்டாம். சமய உரிமையைக் காக்கும் பொருட்டு அளிக்கப்பட்ட விலக்கு அது. அதற்கு அவர்களிடம் காரணங்கள் இருக்கும். ஆனால் அந்த வரியைப் படித்த ஒரு குருவின் முகத்தில் வெட்கம் ஏறியது உண்மை.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது சாக்கன்று; அது கணக்கு. அதில் நான் காப்பகம் நடத்தும் பெண்களின் பக்கம் நிற்கிறேன். உட்கார இயலாத குழந்தைக்கு ஒரு வேளை உணவூட்ட அரை மணி, சில நாள் முக்கால் மணி ஆகும். காலைக் கஞ்சி, நண்பகல் சோறு, மாலைப் பால் என்று மூன்று வேளை. அந்த நேரத்தில் மற்ற எட்டுப் பேரையும் யார் பார்ப்பது? இன்னோர் ஆயா வேண்டும். அவர் சம்பளத்தை யார் கொடுப்பது? அந்தக் காப்பகத்தின் மாத வருமானத்தில் பாதி அரிசிக்கும் பாலுக்கும் போய்விடும். மீதியில்தான் அந்தப் பெண்ணின் பிள்ளை கல்லூரியில் படிக்கிறான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து அவர் தயங்கினால், அவரைக் கல் நெஞ்சக்காரி என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? நம் பங்கில் ஆண்டுத் திருவிழாவின் வாணவேடிக்கை பத்து நிமிடத்தில் வானத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கான தொகையில் ஓர் ஆயாவுக்கு அரைநாள் ஊதியம் எத்தனை மாதங்களுக்கு வரும் என்று பங்குப் பேரவையில் கணக்கிட்டுச் சொன்னேன். அறை அமைதியாயிற்று. ஒருவர் மட்டும், "திருவிழா வேறு, இது வேறு, சாமி" என்றார்.

நற்செய்தியில் கப்பர்நாகும் வீடு ஒன்று வருகிறது. கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அவர்கள் தீயவர்கள் அல்லர். இறைவார்த்தை கேட்க வந்தவர்கள். முடக்குவாதமுற்றவர் உள்ளே போக வழியில்லை. நால்வர் அவரைச் சுமந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இந்தப் பகுதியை எத்தனையோ முறை மறையுரைக்கு எடுத்திருக்கிறேன். நால்வரின் நம்பிக்கையைப் புகழ்ந்திருக்கிறேன். அண்மையில்தான் அந்த வீட்டுக்காரரை நினைத்துப் பார்த்தேன். நற்செய்தியாளர் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிரிந்த கூரையை மறுநாள் அவர் தனியாகவா வேய்ந்தார்? மண்ணையும் கழியையும் யார் கொடுத்தார்கள்? சிறப்புக் கவனிப்பு வேண்டிய குழந்தையை வீட்டுக்குள் விடும் ஒவ்வொரு பெண்ணும் தம் கூரையைப் பிரிக்க இசைகிறார். சுமந்துவந்த நால்வரும் அந்த மாலையே வீடு திரும்பிவிட்டால், அடுத்த மழைக்கு அவர் தாங்க மாட்டார்.

"இதற்கென்றே கன்னியர் நடத்தும் இல்லங்கள் இருக்கின்றனவே" என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கின்றன, அரிய பணி ஆற்றுகின்றன. ஆனால் மூன்று வயதுக் குழந்தையை நாற்பது கிலோமீட்டர் தொலைவில் விட்டுவிட்டு மாதம் ஒரு முறை பார்க்கப் போவதுதான் ஒரு தாய்க்கு நாம் காட்டும் வழியா? நல்ல இல்லங்கள் இருப்பதே நம் தெருவின் கதவுகளை மூடிவைக்கக் காரணமாகிவிடக் கூடாது. இந்த வழக்கம் நம்மோடு தொடங்கியதும் அன்று. 1960களின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டில், கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடுள்ள இரு புதல்வர்களைக் கொண்ட ஒரு பெற்றோர் மறைமாவட்டத் திருப்பயணத்தில் சேர விரும்பினர். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது, மற்றவர்களுக்கும் இடையூறு என்று மறுக்கப்பட்டது. அவர்கள் தனியே லூர்து நகருக்குப் போனார்கள். அந்த வேதனையிலிருந்து எழுந்ததே 1971 உயிர்ப்புப் பெருவிழாவில் லூர்தில் கூடிய திருப்பயணம்: 12,000 பேர், அவர்களுள் 4,000 பேர் அறிவுசார் குறைபாடு உடையோர். 'நம்பிக்கையும் ஒளியும்' என்ற இயக்கம் அங்கே பிறந்தது. அதைத் தொடங்கிய இருவருள் ஒருவரான ஜான் வனியே, தம்மிடம் ஆன்மிக வழிகாட்டல் தேடி வந்த பெண்களுக்குப் பாலியல் தீங்கிழைத்தவர் என்பதை அவருடைய இறப்புக்குப்பின் 2020இல் அவர் நிறுவிய 'லார்ஷ்' அமைப்பே வெளியிட்டது. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. நற்பெயரை மட்டும் நம்பி யாரையும் யாரிடமும் ஒப்படைக்கலாகாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம். வாய் பேசாத குழந்தையால், தனக்கு நேர்ந்ததை வீட்டில் போய்ச் சொல்ல முடியாது. ஆகவே அக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் பலர் எந்த நேரத்திலும் போய்வர வேண்டும். அன்பியத்துப் பெண்கள் முறைவைத்து உதவிக்குப் போவது காப்பகத்துக்குத் துணை மட்டுமன்று, குழந்தைக்குக் காவலும் ஆகும்.

சென்ற ஜூன் மாதம் அதே பெண்மணி மறுபடியும் என்னிடம் வந்தார். அதே கேள்வி. இம்முறை ஒரு பெண் குழந்தை; மூன்றரை வயது; தாங்கிப் பிடித்தால் உட்காரும்; ஆண்டுக்கு ஓரிரு முறை வலிப்பு. "வாங்க அம்மா, போய்ப் பார்ப்போம்" என்றேன். இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். மேலே எழுதிய கேள்விகளையெல்லாம் அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். என்னைவிட நன்றாகக் கேட்டார். நான் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். மருந்தின் பெயர், அளவு, மருத்துவர் எண், தாயின் கடை எண், தந்தையின் கைபேசி எண் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த நோட்டு இப்போது காப்பகத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. முழுநாள் இயலாது, காலை ஒன்பது முதல் பகல் ஒன்றரை வரை மட்டும் என்று அவர் முடிவு செய்தார். தாயும் கடையில் பேசி அரைநாள் வேலைக்கு மாறினார். ஊதியம் குறைந்தது, ஆனால் வேலை போகவில்லை. இரண்டாவது ஆயாவின் ஊதியத்தைப் பங்கு ஏற்கும் என்று பேரவை ஓராண்டுக்கு மட்டும் இசைந்திருக்கிறது. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் முதல் வாரம் முழுவதும் வந்து ஊட்டும் முறையைக் காட்டிக்கொடுத்தார்.

இரண்டு குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. அவற்றுள் ஒன்று இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. வேறு இடம் பிடிக்கவில்லை என்றார்கள். மற்றது வரவில்லை. அந்தக் கட்டண இழப்பு இன்னும் அந்தப் பெண்மணியின் கையைத்தான் கடிக்கிறது. அதற்குப் பங்கு ஒன்றும் செய்யவில்லை. முதலில் மறுக்கப்பட்ட சிறுவனுக்கு இப்போது பத்து வயது. சிறப்புப் பள்ளிக்கு வேனில் போகிறான். அவன் அக்காள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். கணக்கில் பின்தங்கியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் தவறவிட்ட நாள்களை நினைத்துக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரை, அந்தப் பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரத்தில், மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நாளுக்கு ஒருவர் வேண்டும் என்று ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம். திங்கள், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய நாள்களுக்குப் பெயர் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஆள் இல்லை.